வேனின் அடிப்பாகம்: கறுப்புப் பூச்சுக்குப் பின்னால் துரு

எங்கள் தாமானுக்கு வாரத்தில் மூன்று நாள் மீன் வேன் வரும். மீன்கார அண்ணன் விடியற்காலை நான்கு மணிக்கே கோல சிலாங்கூர் பக்கத்துப் படகுத்துறைக்குப் போய், மீனையும் ஐஸையும் ஏற்றிக்கொண்டு, ஏழு மணிக்குள் எங்கள் தெருமுனையில் ஹாரன் அடித்துவிடுவார். பதினொரு வருடமாக ஒரே வேன். பிள்ளைகள் இருவரையும் படிக்க வைத்ததும் அந்த வேன்தான்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு நாள் அவர் வரவில்லை. மறுநாள் விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மீன் நிரப்பிய ஐஸ் பெட்டியின் ஒரு கால், வேனின் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டதாம்.

“போன வருசம்தான் தம்பி, காசு கொடுத்து அடியில முழுக்கக் கறுப்பு அடிச்சேன். பார்க்கப் புதுசு மாதிரி இருந்துச்சு. எப்படி ஓட்டை விழுந்துச்சுன்னே தெரியல” என்றார்.

வேறொரு பட்டறையில் வேனைத் தூக்கி வைத்துப் பார்த்த போமன், ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் அந்தக் கறுப்புப் பூச்சை நான்கைந்து இடங்களில் தட்டினார். சில இடங்களில் ‘டங்’ என்று சத்தம் வந்தது. சில இடங்களில் ‘பொத்’ என்றது. அந்த இடத்தைச் சுரண்டியதும் கறுப்புத் தோல் துணி மாதிரி உரிந்து வந்தது. உள்ளே இரும்பு இல்லை. அடுக்கடுக்காகச் செந்நிறத் துருதான் இருந்தது. “சுத்தம் பண்ணாம மேலேயே அடிச்சிருக்காங்க” என்றார் அவர்.

பசார் மாலாம் வியாபாரி, பள்ளி வேன் ஓட்டுநர், கேட்டரிங் தொழில் செய்பவர் என வேனை நம்பிப் பிழைப்பவர்கள் நம்மில் ஏராளம். வேனின் மேற்புறத்தை வாராவாரம் கழுவி மினுக்குகிறோம். அடிப்பாகத்தைப் பரிசோதனைக்குப் போகும்போது மட்டுமே நினைத்துப் பார்க்கிறோம். துரு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், எங்கே பணம் செலவழிக்க வேண்டும், எங்கே செலவழிக்கக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

இரும்பு தன் பழைய நிலைக்குத் திரும்புகிறது

இரும்பு மண்ணுக்கடியில் இரும்பாகக் கிடைப்பதில்லை. ஆக்சிஜனோடு சேர்ந்த தாதுவாகத்தான் கிடைக்கிறது. ஊதுலையில் கடும் வெப்பத்தைக் கொடுத்து அந்த ஆக்சிஜனைப் பிரித்தெடுத்த பிறகே நமக்கு இரும்பு கிடைக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் அது மீண்டும் ஆக்சிஜனோடு சேர்ந்துகொள்ளும். அதைத்தான் துருப்பிடித்தல் என்கிறோம்.

இதற்கு ஆக்சிஜன், நீர் இரண்டும் வேண்டும் என்று தொடக்கப் பள்ளி அறிவியல் பாடத்திலேயே பிள்ளைகள் படிக்கிறார்கள். அதன் உட்பொருள் என்னவென்றால், துரு என்பது ஒரு சிறிய பேட்டரி. இரும்புத் தகட்டின் ஓர் இடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே வேறோர் இடத்துக்கு ஓடி, அங்கே நீரோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிகின்றன. தகட்டின் மேலே படிந்திருக்கும் ஈரம், இரண்டு இடங்களையும் இணைத்து மின்சுற்றை முழுமையாக்குகிறது. கரைந்த இரும்பு ஆக்சிஜனைச் சந்திக்கும் இடத்தில் செந்நிறத் துரு படிகிறது.

ஈரம் இல்லையென்றால் சுற்று அறுந்துவிடும். அந்த ஈரத்தில் உப்பு கலந்திருந்தால் மின்னோட்டம் எளிதாக நடக்கும், துருவும் வேகமாக ஏறும். உப்பிலுள்ள குளோரைடு இந்த வேலையில் பெரும்பாலும் செலவாவதில்லை. ஓர் இடத்தை அரித்துவிட்டு அங்கேயே தங்கி, மீண்டும் மீண்டும் அரிக்கும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. அலுமினியத்தின் மேல் உண்டாகும் ஆக்சைடு இறுக்கமான மெல்லிய தோலாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கும். இரும்பின் துரு அப்படியல்ல. அது பொதபொதவென்று, நுண்துளைகளோடு இருக்கும். தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டு தகடுகள் சேரும் இடுக்கில் துரு ஏறினால், அது உப்பித் தகடுகளையே பிரித்துவிடும். வேனின் கதவடியில் பெயின்ட் கொப்புளம் போல எழும்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அந்தத் துரு உள்ளிருந்து புறப்பட்டு வெளியே வந்ததாகத்தான் இருக்கும்.

பனி இல்லாத ஊரில் உப்பு ஏது?

வாகனத்தின் அடித்துருவைப் பற்றிய காணொளிகள் பெரும்பாலும் குளிர் நாடுகளிலிருந்து வருகின்றன. அங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். உப்பு கலந்த நீர் 0 பாகைக்கும் கீழேதான் உறையும் என்பதால் பனிக்கட்டி உருகிவிடும். அந்த உப்பு நீர் வாகனத்தின் அடிப்பாகத்தை அரிக்கும். “நம் நாட்டில் பனி இல்லையே, நமக்கென்ன கவலை?” என்று பலர் நினைக்கிறார்கள்.

நமக்கும் உப்பு வருகிறது. கடலோரச் சாலையில் ஓடினால் காற்றிலேயே உப்புத் துளிகள் உண்டு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 30 முதல் 35 கிராம் உப்பு இருக்கும். மீன் வேனில் இது நேராகவே வந்து சேர்கிறது. உருகும் ஐஸ் நீரோடு மீனின் உப்பும் கலந்து தரையில் வழிந்து, இடுக்குகள் வழியே அடிப்பாகத்துக்கு இறங்குகிறது.

நம் தட்பவெப்பம் இதைவிடப் பெரிய காரணம். சமையலறையில் உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் ஈரமாகிவிடுகிறது அல்லவா? காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால், சாதாரண உப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடல் உப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக இருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடு ஈரப்பதமே போதும். நம் நாட்டில் இரவு நேர ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டுக்கும் மேலே போய்விடுகிறது.

அதாவது, கடலோரத்தில் ஓடிய வேனை மழையே படாமல் கூரைக்குக் கீழே நிறுத்தினாலும், அதன் அடியில் ஒட்டிய உப்பு இரவெல்லாம் ஈரமாகவே இருக்கும். குளிர் நாட்டு வாகனத்துக்குத் தொல்லை சில மாதங்கள். நம் கடலோர வேனுக்கு ஆண்டு முழுவதும். வெப்பம் கூடக் கூட வேதிவினையும் வேகமெடுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேற்றுக்கு அடியில் நடப்பது

எந்த இடம் முதலில் ஓட்டையாகும்? காற்றோட்டம் அதிகமுள்ள இடம் என்று நினைக்கத் தோன்றும். துருவுக்கு ஆக்சிஜன் வேண்டுமல்லவா?

1920-களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் யூலிக் எவன்ஸ் என்ற அறிவியலாளர், தேய்த்துச் சுத்தமாக்கிய இரும்புத் தகட்டின் மேல் ஒரு துளி உப்பு நீரை வைத்து ஆராய்ந்தார். துளியின் ஓரத்துக்கு ஆக்சிஜன் எளிதாகக் கிடைக்கிறது, நடுவில் குறைவாகக் கிடைக்கிறது. இரும்பு கரைந்தது ஓரத்தில் அல்ல, நடுவில். ஆக்சிஜன் மிகுந்த இடம் எலக்ட்ரான்களை வாங்கும் முனையாகவும், ஆக்சிஜன் குறைந்த இடம் கரைந்து போகும் முனையாகவும் ஆகிவிடுகின்றன.

வேனின் அடியிலும் இதுவே நடக்கிறது. சக்கர வளைவின் மடிப்பில் அப்பிய சேறு, தரை விரிப்புக்குக் கீழே தேங்கிய ஈரம், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் இடுக்கு ஆகியவற்றுக்குள் ஆக்சிஜன் குறைவு, ஈரம் அதிகம். சேறு பற்றுப் போட்டது போல ஒட்டிக்கொண்டு அந்த இடத்தைக் காயவிடாமல் வைத்திருக்கும். நன்றாகக் காற்றுப்படும் தட்டையான பகுதி மேலோட்டமாகச் சிவந்திருக்கும்போது, இந்த மறைவான இடங்கள் துளைபட்டுக்கொண்டிருக்கும்.

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் எத்தனையோ வாகனங்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய வாகனத்தின் இருக்கையைக் காயவைத்து, எஞ்சினைச் சரிசெய்தாலும், சட்டத்தின் உட்குழிவுகளில் புகுந்த வண்டல் அங்கேயே தங்கிவிடும். அதை அலசி வெளியேற்றாவிட்டால், சில ஆண்டுகள் கழித்துத்தான் பலன் தெரியும். பழைய வேன் வாங்குபவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

தொழிற்சாலை தந்த பாதுகாப்பு

புதிய வேன் பாதுகாப்பில்லாமல் வருவதில்லை. வெல்டிங் முடிந்த உடற்கூட்டை முழுதாகப் பெயின்ட் தொட்டியில் முக்கி, மின்சாரத்தின் உதவியால் மூலை முடுக்கெல்லாம் முதல் பூச்சைப் படிய வைக்கிறார்கள். அதன் தடிமன் சுமார் 20 மைக்ரோமீட்டர். நம் தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. சாலையில் தெறிக்கும் ஒரு கல் போதும், அதைக் குத்தித் துளையிட.

வேனின் அடியிலும் கதவுகளின் கீழ்விளிம்பிலும் சிறு துளைகள் இருக்கும். முக்கி எடுக்கும்போது பெயின்ட் உள்ளே போய் வெளியே வடிவதற்கும், பிறகு உள்ளே புகும் மழைநீர் வடிவதற்கும் அவை வேண்டும். சேறோ கறுப்புப் பூச்சோ அவற்றை அடைத்துவிட்டால், அந்தக் குழிவு தண்ணீர்த் தொட்டியாகிவிடும்.

பல வாகனங்களின் தகடுகளுக்குத் துத்தநாகப் பூச்சும் உண்டு. துத்தநாகம் இரும்பைவிட எளிதாக எலக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கும். கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்திலிருக்கும் துத்தநாகம் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். 1824-இல் ஹம்ஃப்ரி டேவி பிரிட்டிஷ் கப்பல்களின் செம்புத் தகட்டைக் காக்க இரும்பு, துத்தநாகத் துண்டுகளைப் பொருத்திப் பார்த்ததும் இதே கொள்கையில்தான். ஆனால் துத்தநாகம் கரைந்து தீர்ந்த பிறகு இரும்பின் முறை வந்துவிடும்.

மீன் வேனில் நடந்த தவறு

இப்போது அண்ணனின் வேனுக்கு வருவோம். துருவும் உப்பும் ஈரமும் இருந்த தகட்டின் மேல் தடித்த கறுப்புப் பூச்சை அடித்துவிட்டார்கள். அந்தப் பூச்சு மூன்று வேலைகளைச் செய்தது.

முதலாவது, உப்பையும் ஈரத்தையும் உள்ளே வைத்து மூடியது. இரண்டாவது, துரு உப்பியதும் பூச்சு தகட்டை விட்டுப் பிரிந்தது. ஓரத்தில் உண்டான விரிசல் வழியே புது நீர் புகுந்தது. புகுந்த நீர் எளிதில் காயவில்லை. மூன்றாவது, பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டியது. துரு வெளியே தெரிந்திருந்தால் அண்ணன் ஆறு மாதத்துக்கு முன்பே கவனித்திருப்பார். சின்ன வெல்டிங்கோடு வேலை முடிந்திருக்கும்.

பூச்சு கெட்டதல்ல. அடித்த வரிசைதான் கெட்டது. பூச்சு என்பது கடைசி வேலை. அதற்கு முன் செய்ய வேண்டியவற்றில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

வரிசைப்படி செய்ய வேண்டியவை

முதலில் ஓர் எச்சரிக்கை. ஜேக் மட்டும் தாங்கிக்கொண்டிருக்கும் வேனுக்குக் கீழே ஒருபோதும் புகாதீர்கள். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, உறுதியான தாங்கிகளின் மேல் வேனை இறக்கிய பிறகே கீழே போக வேண்டும். பட்டறையில் தூக்கி வைத்துச் செய்வது இன்னும் நல்லது. கண்ணாடி, முகக்கவசம், கையுறை மூன்றும் அவசியம்.

கழுவுதல்: நல்ல தண்ணீரை நிறைய விட்டு, சக்கர வளைவுகள், குறுக்குச் சட்டங்களின் மேற்புறம், மடிப்புகள் எல்லாவற்றையும் அலச வேண்டும். உப்பு நீரில் கரையும். அதனால் தண்ணீரின் வேகத்தைவிட அளவே முக்கியம். உயர் அழுத்தக் குழாயை மின் இணைப்புகள், சக்கர பேரிங், ரப்பர் உறைகள் பக்கம் நேராகக் காட்டக் கூடாது.

துளைகளைத் திறத்தல்: அடைத்துக் கிடக்கும் வடிகால் துளைகளைச் சாத்தே குச்சியால் மெல்லக் குத்தித் திறக்கலாம். கம்பியால் குத்தினால் உட்புறப் பெயின்ட் கீறிவிடும். திறந்ததும் தண்ணீர் கொட்டினால், அது எத்தனை நாளாக அங்கே நின்றதென்று எண்ணிப் பாருங்கள்.

காயவைத்தல்: பலர் தவறும் இடம் இதுதான். கழுவிய அன்றே பூச்சு அடிக்கக் கூடாது. மழையில்லாத இரண்டு நாள் வெயிலில் விட்டு, இடையில் கொஞ்சம் ஓட்டி, இடுக்குகள் காய்ந்த பிறகே அடுத்த வேலை.

சுரண்டுதல்: உதிரும் துருவையும் தூக்கிக்கொண்டு நிற்கும் பழைய பூச்சையும் கம்பித் தூரிகையால் எடுக்க வேண்டும். தட்டிப் பார்த்து, சத்தம் மாறும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதற்பூச்சு: பளிச்சென்று இரும்பு தெரியும் அளவுக்குச் சுத்தமான இடத்தில் துத்தநாகம் நிறைந்த முதற்பூச்சு நன்றாக வேலை செய்யும். அதிலுள்ள துத்தநாகத் துகள்கள் இரும்பைத் தொட்டாக வேண்டும். துருவின் மேலோ பழைய பெயின்டின் மேலோ அடித்தால் அது வெறும் சாம்பல் நிறப் பெயின்ட்தான்.

இடுக்கு அடைப்பு: தகடுகள் சேரும் கோடுகளில் அதற்கென்று உள்ள பசையைத் தடவ வேண்டும். வடிகால் துளைகளை மட்டும் தொடக் கூடாது.

கடைசியாகப் பாதுகாப்புப் பூச்சு. புகைக்குழாய், அதிலுள்ள வினையூக்கிப் பெட்டி, பிரேக் வட்டு, சுழலும் தண்டுகள், ரப்பர் புஷ், சென்சர்கள் ஆகியவற்றில் படாதபடி மூடிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். சூடான புகைக்குழாயில் மெழுகோ தாரோ பட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

துருவைக் கறுப்பாக்கும் திரவம்

முழுவதும் சுரண்ட முடியாத இடங்களுக்குத் ‘துரு மாற்றி’ என்ற திரவம் கடைகளில் கிடைக்கிறது. இதில் பெரும்பாலும் பாஸ்போரிக் அமிலம், டானிக் அமிலம் என்ற இரண்டில் ஒன்றோ இரண்டுமோ இருக்கும்.

பாஸ்போரிக் அமிலம் துருவோடு சேர்ந்து இரும்பு பாஸ்பேட்டாக மாறும். டில்லியில் 1600 ஆண்டுகளாக நிற்கும் ஏழு மீட்டர் இரும்புத் தூண் அவ்வளவாகத் துருப்பிடிக்காததற்கு, அதன் இரும்பிலுள்ள அதிகப்படியான பாஸ்பரஸ் ஒரு பாஸ்பேட் படலத்தை உண்டாக்கியதே முக்கியக் காரணம் என்று கான்பூர் ஐஐடியின் பேராசிரியர் பாலசுப்பிரமணியம் விளக்கியிருக்கிறார்.

டானின் நமக்கு இன்னும் பழக்கமானது. கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைக் கலந்து கறுப்பு மை செய்வது பழைய முறை. கடுக்காயில் இருப்பது டானின், அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. இரண்டும் சேர்ந்தால் நீரில் எளிதில் கரையாத கருநீலப் பொருள் உண்டாகிறது. துருவின் மேல் டானின் திரவத்தைத் தடவியதும் அது கறுப்பாவதும் இதனால்தான். நம் நாட்டிலேயே, பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கண்டல் மரப்பட்டையின் டானின் இரும்பின் அரிப்பைக் குறைக்கிறதா என்று ஆராய்ந்து நல்ல பலன் கண்டார்கள். பேராக் மாத்தாங் பகுதியில் கரி சுடுவதற்காக உரித்துப் போடும் பாக்காவ் பட்டைதான் அது.

ஆனால் இந்தத் திரவம் மெல்லிய துருவில்தான் வேலை செய்யும். செதில் செதிலாக நிற்கும் தடித்த துருவின் மேல் ஊற்றினால் மேற்பரப்பு மட்டும் கறுப்பாகும், அடியில் பழைய கதையே தொடரும். கரைந்துபோன இரும்பை எந்தத் திரவமும் திரும்பக் கொண்டுவராது.

ரப்பர் பூச்சா, மெழுகா?

தாரோ ரப்பரோ கலந்த பூச்சு காய்ந்ததும் கெட்டியான தோலாகிவிடும். கல் தெறிப்பதைத் தாங்கும், சாலை இரைச்சலையும் குறைக்கும். புதிய, சுத்தமான வேனுக்கு அது நல்லதே. ஆனால் ஆண்டுகள் போனால் அது இறுகி விரிசல் விடும். விரிசலுக்குப் பின்னால் நீர் புகுந்தால் வெளியே தெரியாது.

மெழுகோ, ஆட்டு ரோமக் கொழுப்பான லனோலினோ கலந்த பூச்சு முழுவதும் இறுகுவதில்லை. இடுக்குகளுக்குள் ஊர்ந்து போகும், சிறு கீறல்களைத் தானே மூடிக்கொள்ளும். பெரும்பாலும் அடியில் இருப்பதைப் பார்க்கவும் முடியும். கையில் ஒட்டுவதும், நீர் தெறிக்கும் இடங்களில் நாளடைவில் கழுவப்பட்டுப் போவதும் இதன் குறைகள். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து, போன இடங்களில் மறுபடியும் அடிக்க வேண்டும். சட்டத்தின் உட்குழிவுகளுக்கும் கதவுகளின் உள்ளேயும் நீண்ட மெல்லிய குழாய் கொண்டு தெளிக்கும் மெழுகே பொருத்தமானது. வெளிப்புறம் முழுவதும் கறுப்படித்துவிட்டு உட்குழிவை விட்டுவிடுவது பாதி வேலைதான்.

ஏற்கெனவே ஓடிப் பழகிய வேனுக்கு மெழுகு வகையே ஏற்றது என்பது என் கருத்து. கண்ணுக்குத் தெரியும் துருவைச் சரிசெய்யலாம், மறைந்திருக்கும் துருவை ஒன்றும் செய்ய முடியாது.

செலவைக் குறைக்கச் சிலர் பழைய எஞ்சின் எண்ணெயை அடியில் தெளிக்கிறார்கள். அது வேண்டாம். எரிந்த எண்ணெயில் அமிலப் பொருள்களும் நச்சுப் பொருள்களும் சேர்ந்திருக்கும். ரப்பர் பாகங்களைக் கெடுக்கும். சொட்டும் எண்ணெய் சாக்கடைக்குப் போகும். நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டின் விதிமுறைகள்படி அது முறையாக அகற்றப்பட வேண்டிய அட்டவணைக் கழிவு.

பேட்டரியில் இணைத்தால் துருவே வராது என்று விற்கப்படும் மின்னணுக் கருவிகளைப் பற்றியும் வாசகர்கள் கேட்பதுண்டு. மின்சாரத்தால் இரும்பைக் காக்கும் முறை கப்பல்களிலும் மண்ணில் புதைத்த குழாய்களிலும் உண்மையாகவே பயன்படுகிறது. அங்கே கடல்நீரோ ஈரமண்ணோ முழுப்பரப்பையும் தொட்டுக்கொண்டு மின்சுற்றை இணைக்கிறது. சாலையில் ஓடும் வேனைச் சுற்றி இருப்பது காற்று. காற்றின் வழியே அந்தச் சுற்று இணையாது. அந்தப் பணத்தை மெழுகுக்கும் வேலைக்கூலிக்கும் கொடுப்பது மேல்.

பூச்சு போதாத நிலை

சில இடங்களில் துரு ஏறினால் பூச்சைப் பற்றிப் பேசவே கூடாது. நீளவாட்டுச் சட்டம், ஸ்பிரிங்கும் சஸ்பென்ஷனும் பொருந்தும் இடங்கள், இருக்கைப் பட்டையும் இருக்கையும் தரையோடு பூட்டப்பட்ட இடங்கள், எரிபொருள் தொட்டியைத் தாங்கும் பட்டைகள், பிரேக் எண்ணெய் போகும் இரும்புக் குழாய்கள் ஆகியவை அவை.

மெல்லிய பிரேக் குழாய் ஓரிடத்தில் துருவால் மெலிந்தால், சாதாரணமாக ஓட்டும்போது எதுவும் தெரியாது. அவசரமாகப் பிரேக்கை அழுத்தும்போதுதான் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். குழாய் வெடிப்பதும் அப்போதுதான். பத்துப் பதினைந்து பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பள்ளி வேனில் இது எப்படி முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய குழாயை மாற்ற வேண்டும். சட்டத்தை வெட்டி, தகுதியுள்ளவர் கையால் வெல்டிங் செய்ய வேண்டும். வணிக வாகனப் பரிசோதனையில் அடிப்பாகத்தையும் பார்ப்பது இதற்காகத்தான். பரிசோதனைக்கு முந்தின நாள் கறுப்படித்து ‘பாஸ்’ வாங்குவது, நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

பிள்ளைகளோடு செய்து பாருங்கள்

துத்தநாகப் பூச்சில்லாத ஐந்து இரும்பு ஆணிகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். ஐந்து குவளைகள் வேண்டும்.

முதல் குவளையில் வறுத்து ஆறிய அரிசிக்குள் ஓர் ஆணியைப் புதைத்து மூடுங்கள். இரண்டாவதில் குழாய் நீரில் பாதி மூழ்கும்படி வையுங்கள். மூன்றாவதில் ஒரு தேக்கரண்டி உப்பு கலந்த நீரில் அதேபோல் வையுங்கள். நான்காவது ஆணிக்கு வாசலின் நன்றாகப் பூசி உப்பு நீரில் வையுங்கள். ஐந்தாவது ஆணியை உப்பு நீரில் நனைத்த மணலில் பாதி புதையுங்கள்.

ஒரு வாரம் கழித்து ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு மூன்றாவது ஆணியைக் கழுவாமல், துருவோடு அப்படியே பெயின்ட் அடித்து, மறுபடியும் உப்பு நீரில் போடுங்கள். புதிய ஆணி ஒன்றைத் தேய்த்துச் சுத்தமாக்கி, அதற்கும் பெயின்ட் அடித்து, காய்ந்ததும் பக்கத்தில் போடுங்கள். எது முதலில் கொப்புளிக்கிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மீன்கார அண்ணனின் வேனில் நடந்ததை அந்தக் குவளையிலேயே பார்த்துவிடலாம்.

அண்ணனின் வேன் இப்போது

அதிர்ஷ்டவசமாக, தட்டிப் பார்த்ததில் நீளவாட்டுச் சட்டங்கள் கெட்டியாகவே இருந்தன. தரையில் கெட்டுப்போன பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள். பழைய கறுப்புப் பூச்சை முழுவதும் சுரண்டி எடுக்கவே இரண்டு நாள் ஆனது. மொத்தம் ஒன்பது நாள் வேலை, ஒன்பது நாள் வியாபாரம் இல்லை. வருமானம் போனதைவிட, வாடிக்கையாளர்கள் வேறு வேனுக்குப் போய்விடுவார்களோ என்றுதான் அவர் அதிகம் கவலைப்பட்டார்.

ஐஸ் உருகிய நீர் தரையில் வழியாமல் இருக்க, பெட்டியின் அடியிலிருந்து ஒரு ரப்பர் குழாயை வாளிக்குள் விட்டிருக்கிறார். வியாபாரம் முடிந்ததும் விரிப்பைத் தூக்கி உலர்த்துகிறார். வாரம் ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அலசி, நீர் வடியும்படி சற்றுச் சரிவான இடத்தில் வேனை நிறுத்துகிறார்.

போன வாரம் கெம்போங் மீன் வாங்கப் போனபோது, அவர் டேஷ்போர்டில் ரசீதுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் நான்கைந்து சாத்தே குச்சிகள் இருந்தன.

“துளை குத்துறதுக்குத் தம்பி” என்று சொல்லிவிட்டு மீனை நிறுக்கத் தொடங்கினார்.